நுவரெலியாவில் 94 பாகை: ஆய்வுகூடக் கருவிகள் மலை ஏறும்போது

நுவரெலியாவில் கேத்தல் கொதிக்கும்போது அதற்குள் ஒரு வெப்பமானியை விட்டால் 94 பாகை செல்சியஸுக்குப் பக்கத்தில் நின்றுவிடும். வெப்பமானியில் பிழை இல்லை. நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்புக் கரையில் வளிமண்டல அமுக்கம் 101 கிலோபஸ்கால் என்றால் இங்கே ஏறக்குறைய 81 தான். மேலிருந்து அழுத்தும் காற்று குறையக் குறைய நீர் முந்திக் கொதிக்கிறது. 300 மீற்றர் ஏறினால் ஒரு பாகை இறங்கும் என்பது கைக்கணக்கு. ஹட்டனில் 96ஐ ஒட்டியும் பதுளையில் 98க்குச் சற்றுக் கீழேயும் கொதிக்கும்.

அடுப்படியில் இது பெரிய சங்கதி அல்ல, பருப்பு வேகக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். ஆய்வுகூடத்தில் அப்படி விட்டுவிட முடியாது. நைதரசனை அளக்கும் கெல்டால் முறை 1883இலும் அமிலத்தன்மையை எண்ணாக்கும் சோரன்சனின் பி.எச். அளவுகோல் 1909இலும் கோப்பன்ஹேகனில் பிறந்தவை. உலோகங்களை அளக்கும் அணு உறிஞ்சல் முறையை அலன் வோல்ஷ் 1950களில் மெல்பேர்னில் உருவாக்கினார். பூச்சிகொல்லி எச்சங்களைப் பிடிக்கும் இலத்திரன் பிடிப்பு உணரியை 1957இல் ஜேம்ஸ் லவ்லொக் செய்தது லண்டனில். எல்லாம் கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்கள், பெரும்பாலும் உலர்ந்த அறைகள், அணையாத மின்சாரம். கண்டுபிடித்தவர்கள் தம் ஊரின் காற்றைக் கருவிக்குள் வைத்தே பூட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல்லலாம். கையேட்டில் அது ஓர் எடுகோளாகக்கூட எழுதப்பட்டிருக்காது. மலையகத்தில் தேயிலைத் தூளையோ மண்ணையோ பீலித் தண்ணீரையோ சோதிக்கும்போது வரும் பிழைகளில் பல இந்த எழுதாத எடுகோள்களிலிருந்துதான் வருகின்றன.

மிகத் தெளிவான உதாரணம், நீராவியால் கிருமிநீக்கும் ஓட்டோகிளேவ். பாஸ்டரோடு வேலை செய்த சார்ள்ஸ் சம்பர்லான் 1879இல் உருவாக்கிய நீராவிப் பாத்திரத்தின் வழிவந்தது அது. 121 பாகையில் 15 நிமிடம் வைத்தால் பக்டீரியா வித்திகள்கூட மிஞ்சாது என்பது எல்லோருக்கும் மனப்பாடம். பழைய மாதிரிகளிலும் பிரஷர் குக்கர் வகைகளிலும் வெப்பமானி கிடையாது, அமுக்கமானி மட்டும்தான். ஆகவே நடைமுறையில் விதி “சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல், 15 நிமிடம்” என்று மாறிவிட்டது. மாட்டிக்கொள்வது இங்கேதான். அமுக்கமானி காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே. நீராவியின் வெப்பநிலையைத் தீர்மானிப்பதோ முழு அமுக்கம். 121 பாகைக்கு முழு அமுக்கம் 205 கிலோபஸ்கால் வேண்டும். கொழும்பில் வெளிக்காற்று 101ஐக் கொடுத்துவிடுகிறது, மீதி 104, அதாவது 15 இறாத்தல். நுவரெலியாவில் வெளிக்காற்று கொடுப்பது 81 தான். முள் 15இல் நின்றால் உள்ளே மொத்தம் 185 வரைதான், வெப்பநிலை 118க்குச் சற்றுக் கீழே.

மூன்று பாகைதானே என்று தோன்றும். வெப்பத்தைத் தாங்கும் வித்திகளுக்குப் பத்துப் பாகை ஏறினால் சாவு வேகம் பத்து மடங்காகும் என்பது பொதுக்கணக்கு. அந்தக் கணக்கில் 3 பாகை குறைந்தால் வேகம் பாதியாகிவிடும். 15 நிமிடம் வைத்தது 7 நிமிடம் வைத்ததற்குச் சமம். அகார்த் தட்டுகளில் மூன்றாம் நாள் எங்கிருந்தோ முளைக்கும் பக்டீரியாக் குடியிருப்புகளுக்குக் காற்றையும் கையுறையையும் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்க்கவேண்டும். தீர்வு சிரமமானது அல்ல. நுவரெலியாவில் 18 இறாத்தல், ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் 17 இறாத்தல் வரை ஏற்றவேண்டும். பாத்திரம் அந்த அமுக்கத்துக்குச் சான்று பெற்றதா என்று முதலில் தகட்டைப் பார்த்துக்கொள்ளவேண்டும். நிறை வைத்த குக்கரில் அமுக்கத்தைக் கூட்ட முடியாது. அங்கே நேரத்தை இரட்டிப்பாக்குவதே வழி. வெப்ப உணரியால் இயங்கும் புதிய மெசின்கள் தாமே சரிசெய்துகொள்ளும். எதுவானாலும் வித்திப் பட்டி (வெப்பம் தாங்கும் வித்திகள் ஏற்றிய தாள்த் துண்டு) ஒன்றைச் சுமையின் நடுவில் வைத்து ஓட்டிப் பார்ப்பதுதான் நம்பத்தக்க சாட்சி. நிறம் மாறும் ஒட்டுநாடா சூடு பட்டதைத்தான் சொல்லும், போதுமான நேரம் பட்டதா என்பதை அல்ல.

அதே காற்று ஓடைத் தண்ணீரின் ஒட்சிசன் அளவையும் குழப்பும். லீலண்ட் கிளார்க் 1950களில் இரத்தத்துக்காகச் செய்த ஒட்சிசன் மின்வாய்தான் இன்று ஆற்று நீரை அளக்கும் மீற்றர்களின் மூதாதை. 15 பாகை நீர் கடல்மட்டத்தில் லீற்றருக்கு 10.1 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். நுவரெலியா உயரத்தில் 8.1 தான் முடியும். மீற்றரை ஈரக் காற்றில் வைத்து அளவுதிருத்தம் செய்யும்போது உயரத்தைச் சொல்லாமல் விட்டால், அது எதிரே இருக்கும் 8.1ஐ 10.1 என்று பதிந்துகொள்ளும். அதன்பிறகு அளக்கும் எல்லா நீரும் நாலில் ஒரு பங்கு கூடுதல் சுத்தமாகத் தெரியும். இன்னொரு விஷயம்: உள்ளூர் வானிலை அறிக்கையில் வரும் அமுக்கம் கடல்மட்டத்துக்கு மாற்றி எழுதப்பட்டது. அதை எடுத்து மீற்றரில் போட்டால் சரிசெய்ததாக நினைத்துக்கொண்டு பழைய பிழையையே திரும்பச் செய்கிறோம். அறையில் ஒரு பாரமானி இருக்கவேண்டும்.

கருந்தேயிலையின் நீர்ச்சாறு சோதனையிலும் கொதிநிலை உள்ளே நுழைகிறது. 2 கிராம் தூளை 200 மில்லிலீற்றர் கொதிநீரில் ஒரு மணி நேரம் ஒடுக்கிக் குழாயோடு கொதிக்கவைத்து, வடித்து, கரையாமல் நிற்பதை உலர்த்தி நிறுக்கவேண்டும். தூளிலிருந்து குறைந்த பங்குதான் சாறு. சர்வதேசத் தரப்படி சாறு 32 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. 94 பாகையில் கொதிக்கும் நீர் 100 பாகை நீரைவிடக் குறைவாகத்தான் இழுக்கும். விளிம்பில் நிற்கும் தூளை மேலே ஒருதரம், கொழும்பில் ஒருதரம் சோதித்து இரண்டு எண்கள் வந்தால் யார் மீதும் சந்தேகப்படத் தேவையில்லை.

ஈரம் அடுத்த எதிரி, என் கணிப்பில் உயரத்தைவிடப் பெரியது. உயரத்தை ஒருதரம் கணக்குப்போட்டால் போதும், ஈரம் மணிக்கு மணி மாறும். பனிமூட்டம் யன்னலுக்குள் வந்து உட்காரும் பிற்பகலில் அறை ஈரப்பதன் 90 சதவீதத்தைத் தாண்டும். பெக்டரியில் அடுப்பிலிருந்து இறங்கும் தூளில் ஈரம் 3 சதவீத அளவில்தான் இருக்கும். அவ்வளவு காய்ந்த தூள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சக் காத்திருக்கும் பஞ்சு மாதிரி. தராசுத் தட்டில் திறந்து வைத்தால் கடைசி இலக்கம் ஏறிக்கொண்டே போவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆகவே மூடி போட்ட நிறைக்குப்பியில்தான் நிறுக்கவேண்டும். 103 பாகை உலர்த்தியிலிருந்து எடுத்ததும் மூடியை இட்டு, உலர்த்திச் சாடிக்குள் அறை வெப்பத்துக்கு ஆறவிட்டு, பிறகு தராசுக்கு. சூடாகவே வைத்தால் குப்பியைச் சுற்றிக் காற்று மேலே எழும்பித் தட்டைத் தூக்கும், நிறை குறைவாகக் காட்டும். சாடியில் இருக்கும் சிலிக்கா நிறம் மாறி இளஞ்சிவப்பாகிப் பல வாரம் ஆகியிருந்தால் அது சாடி இல்லை, வெறும் கண்ணாடிப் பெட்டி. 120 பாகையில் சில மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் வேலை செய்யும்.

பெக்டரிகளில் டீமேக்கர் நம்புவது அகச்சிவப்பு ஈரத்தராசை. ஐந்து நிமிடத்தில் எண் வந்துவிடும், ஒரு தொகுதியைப் பொதி செய்வதா மறுபடி உலர்த்துவதா என்று அங்கேயே முடிவெடுக்கலாம். அதன் பலவீனமும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. வெப்பத்தைக் கூட்டி வைத்தால் தூளின் மேற்பரப்பு கருகத் தொடங்கும். ஈரம் போனபிறகும் நிறை குறைந்துகொண்டே வரும். மெசின் எல்லா இழப்பையும் ஈரம் என்றே எழுதும். தட்டில் மெல்லிய ஒரே படலமாகப் பரப்புவதும், மாதம் ஒருமுறை அதே தூளை 103 பாகை உலர்த்தி முறையோடு ஒப்பிடுவதும் தவிர வேறு மருந்து இல்லை. டஸ்ட் வகைக்கும் இலை வகைக்கும் ஒரே அமைப்பு சரிவராது.

நுணுக்குக்காட்டிக்கு ஈரம் செய்வது இன்னும் கொடியது. வில்லைக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படரும். அது வெளியிடும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தும் பயனில்லை. தோல் உறையிலும் மரப்பெட்டியிலும் பூட்டி வைப்பதுதான் பாதுகாப்பு என்று பல பள்ளிக்கூட ஆய்வுகூடங்களில் நினைக்கிறார்கள். உண்மையில் இருட்டும் ஈரமும் தேங்கிய பெட்டிதான் பூஞ்சணத்துக்கு நல்ல வீடு. துளையிட்ட அலுமாரியின் அடித்தட்டில் எப்போதும் எரியும் ஒரு சிறிய 15 வோற்று இழைப்பல்பு போதும். உள்ளே காற்று வெளியைவிட சில பாகை சூடாக இருந்தாலே ஈரப்பதன் பூஞ்சணம் வளரும் எல்லைக்குக் கீழே இறங்கிவிடும். எல்.ஈ.டி. பல்பு இந்த வேலைக்கு உதவாது, அது சூடாகாது.

பி.எச். மீற்றரின் கதை எலுமிச்சையில் தொடங்குகிறது. கலிபோர்னியாவின் பழச் செய்கைக்காரர்களுக்காக எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்கக் கேட்ட நண்பர் ஒருவருக்காக 1934இல் ஆர்னோல்ட் பெக்மன் அதைச் செய்தார். கண்ணாடி மின்வாயும் அதன் அறிவியலும் முன்பே இருந்தன. ஆனால் கண்ணாடியின் மின்தடை மிகப் பெரியது, பத்துக்கோடி ஓம் அளவில். அவ்வளவு தடையின் ஊடாக வரும் மெல்லிய மின்னழுத்தத்தைப் பெருக்கிப் படிக்க வெற்றிடக் குழாய்களைப் பயன்படுத்தியதுதான் பெக்மனின் கைவரிசை. அந்தப் பெரிய தடைதான் மலையகத்தில் தொல்லையும் தருகிறது. கேபிள் முனையில் ஈரம் படிந்தால் மின்னோட்டம் அந்த ஈரத்தின் வழியாகக் கசியும். அளவுதிருத்தத்துக்கு எடுக்கும் பி.எச். 4, பி.எச். 7 கரைசல்களின் அளவீடுகளுக்கு நடுவிலான இடைவெளி சுருங்கிப்போகும். பாவனையாளர் மின்வாய் பழுது என்று புதியது வாங்குவார். முனையைத் திறந்து அல்ககோல் தொட்டுத் துடைத்து, தலைமயிர் உலர்த்தியால் சற்றுச் சூடாக்கிப் பார்த்தபிறகு வாங்கலாம். குளிரும் உண்டு: 25 பாகையில் ஒரு பி.எச். அலகுக்கு 59 மில்லிவோற்று வரவேண்டியது 15 பாகையில் 57 தான் வரும். தேயிலைக்கு மண் 4.5 முதல் 5.5 வரை இருப்பது ஏற்றது. டொலமைற்று போடுவதா, எவ்வளவு போடுவதா என்பதை இந்த ஒரு அலகுக்குள்தான் தீர்மானிக்கிறார்கள். அதற்குள் 0.3 பிழை வந்தால் ஒரு மலை முழுதுக்குமான மூட்டைக் கணக்கு மாறும். மின்வாயைக் காய்ச்சிவடித்த நீரில் ஊறவைக்கும் பழக்கத்தையும் விடவேண்டும். பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில்தான் வைக்கவேண்டும்.

தேயிலைச் சாயம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளந்து அதன் தரத்தை எண்ணாக்குவது ஒளிமானி. 1941இல் பெக்மன் நிறுவனத்தின் டி.யு. ஒளிமானி வந்தபிறகு, நாள்கணக்கில் எடுத்த சோதனைகள் நிமிடங்களுக்கு இறங்கின. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலையில் இருக்கிறது. மலையகத்தில் சாயத்தின் வேதியியலைப் பேசினால் பேச்சு அங்குதான் போய் முடியும். சாயத்துக்கு மினுக்கமும் உறைப்பும் தருவது தியாஃபிளேவின், நிறமும் கனமும் தருவது தியாரூபிஜின். ரொபர்ட்ஸ், ஸ்மித் இருவரும் 1960களின் தொடக்கத்தில் வகுத்த முறையில் சாயத்தை ஒரு கீற்றோன் கரைப்பானோடு குலுக்கி, பிரிந்த படைகளை 380, 460 நானோமீற்றரில் அளக்கிறார்கள். குலுக்குவது என்று சொன்னாலும் புனலை மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துத்தான் எடுக்கவேண்டும். வேகமாக ஆட்டினால் பாலாகக் கலங்கி அரைமணி நேரமானாலும் படை பிரியாது.

இங்கேயும் குளிர் குறுக்கே வரும். கடுஞ்சாயம் ஆறும்போது கபீனும் தியாஃபிளேவினும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கலங்கல் ஆகும். தேயிலைக்காரர் இதை நல்ல தூளின் அடையாளமாகக் கொண்டாடுவார்கள். ஒளிமானிக்கு அது நஞ்சு. கலங்கல் ஒளியைச் சிதறடிப்பதை மெசின் உறிஞ்சியதாக எழுதிக்கொள்ளும், எண் ஏறும். கொழும்பில் 28 பாகை மேசையில் தெளிவாக நிற்கும் சாயம் நுவரெலியாவில் 17 பாகை மேசையில் பத்து நிமிடத்தில் கலங்கும். சாயத்தை நேரடியாக அளப்பவர்கள் முதலில் ஐதாக்கி, குவளைத் தாங்கியை 25 பாகையில் வைத்திருக்கவேண்டும். குவளையின் வெளிச்சுவரில் பனி படிந்திருக்கிறதா என்பதையும் ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இதுவரை சொன்னவை சதவீதக் கணக்குகள். தூளில் மிஞ்சிய பூச்சிகொல்லி, களைகொல்லிகளைத் தேடும் எச்சநஞ்சுச் சோதனைக்குப் போனால் அளவு முற்றிலும் வேறு. லவ்லொக்கின் இலத்திரன் பிடிப்பு உணரி உள்ளங்கையில் அடங்கும். குளோரீன் கொண்ட பூச்சிகொல்லிகளை அதற்குமுன் யாரும் காணாத நுண்ணளவில் அது பிடித்தது. அந்த உணரி வந்தபிறகு “நஞ்சு இல்லை” என்ற சொல்லுக்கே பொருள் மாறிவிட்டது. இல்லை என்பது இன்றைய கருவிக்குத் தெரியவில்லை என்று மட்டும் ஆனது. அடுத்த பெரிய படி, ஜோன் ஃபென் 1980களில் காட்டிய மின்தெளிப்பு முறை. திரவத்தை மின்னழுத்தத்தில் நுண்துளிகளாகத் தெளித்து, ஆவியாகாத மூலக்கூறுகளையும், மூலக்கூறுகளை அவற்றின் திணிவால் இனங்காணும் திணிவு நிறமாலைமானிக்குள் பறக்கவிடலாம் என்று அவர் நிறுவினார். 2002இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இன்று திரவ நிறப்பகுப்பையும் திணிவு நிறமாலைமானியையும் இணைத்து எல்.சி-எம்.எஸ். என்று சொல்வதெல்லாம் அந்த ஊசிமுனையில்தான் நிற்கிறது.

இலங்கைத் தேயிலைக்கு இது எப்படி வாழ்வுப் பிரச்சினை ஆனது என்பதை 2017-18 காட்டியது. 2015இல் கிளைபோசேற்று என்ற களைகொல்லி தடைசெய்யப்பட்டது. புல்லை வெட்ட ஆள் போதாத தோட்டங்களில் வேறு களைகொல்லிகள் வந்தன. ஜப்பானுக்குப் போன தேயிலையில் எம்.சி.பி.ஏ. என்ற களைகொல்லியின் எச்சம் பிடிபட்டது. தனி எல்லை வகுக்கப்படாத நஞ்சுகளுக்கு ஜப்பான் வைத்திருப்பது கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது ஒரு தொன் தூளில் 10 மில்லிகிராம். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேற்றுத் தடை தளர்த்தப்பட்டது. அரசியலை ஒருபக்கம் வைத்துவிட்டு அந்த எண்ணை ஆய்வுகூட மேசையில் பார்ப்போம்.

சோதனைக்கு எடுப்பது 2 கிராம் தூள். எல்லையில் நிற்கும் தூளானால் அதற்குள் தேடும் நஞ்சு 20 நானோகிராம். அதே 2 கிராமில் கபீன் மட்டும் 60 மில்லிகிராம் அளவில் இருக்கும். நஞ்சு ஒன்று என்றால் கபீன் முப்பது இலட்சம். கதிக்கின்களும் பச்சையமும் அதற்கு மேல். 2003இல் வெளிவந்த கெச்சர்ஸ் முறை இந்தக் கூட்டத்தைக் கலைக்க எளிய வழி தந்தது: அசற்றோநைற்றைலோடு குலுக்கு, உப்புப் போட்டுப் படை பிரி, ஒட்டுப்பொடிகளால் கழுவு. ஆனால் அது 10 கிராம் பழத்துக்கும் மரக்கறிக்கும் வகுத்த முறை. காய்ந்த தேயிலைக்கு அப்படியே எடுக்கக்கூடாது. முதலில் 2 கிராமுக்கு 10 மில்லிலீற்றர் நீர் விட்டு அரைமணி நேரம் ஊறவைக்கவேண்டும். இலை விரியாவிட்டால் கரைப்பான் உள்ளே போகாது, நஞ்சு உள்ளேயே தங்கிவிடும். அதன்பிறகு 10 மில்லிலீற்றர் அசற்றோநைற்றைல், பிறகு 4 கிராம் நீரற்ற மக்னீசியம் சல்பேற்றும் 1 கிராம் சோடியம் குளோரைட்டும். உப்பு விழுந்த நொடியே குலுக்கவேண்டும். இல்லையென்றால் அடியில் கல்லாக இறுகும். சல்பேற்று நீரைக் குடிக்கும்போது குழாய் கையைச் சுடும், ஆகவே பனிநீரில் வைத்துக் குலுக்குவது நல்லது. மழைக்காலத்தில் மூடி தளர்ந்த சல்பேற்றுப் போத்தல் தானாகவே ஈரம் குடித்து வைத்திருக்கும். அதில் 4 கிராம் நிறுத்தால் வேலை செய்யும் உப்பு அவ்வளவு இராது. 500 பாகை உலையில் சில மணி நேரம் சுட்டு, சூடாறுமுன் உலர்த்திச் சாடியில் அடைத்துவிடவேண்டும்.

கழுவும் கட்டத்தில்தான் எம்.சி.பி.ஏ. போன்றவை கைநழுவும். வழக்கமான பி.எஸ்.ஏ. பொடி அமினைக் கொண்டது, அமிலங்களைப் பிடிக்கும். எம்.சி.பி.ஏ.யும் அமிலம். கதிக்கின்களையும் நிறத்தையும் அழகாக நீக்கி, தேடிவந்த நஞ்சையும் சேர்த்துத் துடைத்துவிட்டு “கண்டறியப்படவில்லை” என்று அறிக்கை எழுதினால், தூள் துறைமுகத்தில் திரும்பும்போதுதான் தெரியவரும். அமில வகைக்குப் பி.எஸ்.ஏ.யைத் தவிர்த்து, திணிவு நிறமாலைமானியை எதிர்மின் முறையில் ஓட்டவேண்டும். பச்சையத்தை நீக்கும் கரிப்பொடி தட்டையான மூலக்கூறுகளை விழுங்கும். கிளைபோசேற்று இந்த வழியில் வரவே வராது. அது நீரை விட்டு அசற்றோநைற்றைலுக்குள் ஏறாது, தனி முறை வேண்டும். “எல்லா நஞ்சுக்கும் ஒரே டெஸ்ட்” என்று யாராவது விலை சொன்னால் பட்டியலை வாங்கி இந்த இரண்டு பெயரும் உண்டா என்று பார்க்கலாம். இவ்வளவு செய்தும் மிஞ்சும் கபீன் மின்தெளிப்பு முனையில் நஞ்சின் குரலை அமுக்கும். ஆகவே தெரிந்த அளவு நஞ்சைச் சேர்த்து வரையும் அளவுக்கோடு வெறும் கரைப்பானில் வரையப்படக்கூடாது. நஞ்சற்றது என்று உறுதியான தேயிலையின் சாற்றில் வரையவேண்டும்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடிமழையில் வரும் ஒரு வினாடித் துண்டிப்பு போதும், திணிவு நிறமாலைமானியில் நிமிடத்துக்குப் பல்லாயிரம் தரம் சுழலும் வெற்றிடப் பம்பி நின்று, உள்ளே காற்று புகுந்து, மறுபடி ஓர் இரவு இழுக்கவேண்டிவரும். மின்கல ஆதரவு கணினிக்கு மட்டும் கொடுத்துவிட்டு பம்பியை நேரடிச் சுவர் இணைப்பில் விடுவது பரவலான தவறு.

உயிரியல் பக்கம், தோட்டத்து லயங்களுக்கு வரும் பீலித் தண்ணீர். 1982இல் இந்தியாவில் மஞ்சாவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஐதரசன் சல்பைட்டுத் தாள்ச் சோதனை இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். மருந்தூறிய தாள் உள்ள சிறு போத்தலில் நீரை விட்டு வைத்தால், மலத்தொடர்புள்ள பக்டீரியா இருந்தால் கறுக்கும். மின்சாரம் வேண்டாம் என்பதுதான் அதன் பெருமை. அந்தப் பெருமைக்குள்ளும் சமவெளியின் 30 பாகை ஒளிந்திருக்கிறது. சனவரி இரவில் நுவரெலியாவில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும்போது, யன்னலோரம் வைத்த போத்தல் இரண்டு நாளானாலும் கறுக்காது. தண்ணீர் சுத்தம் என்று பொருள் அல்ல, பக்டீரியா குளிரில் உறங்குகிறது. இன்கியூபேற்றர் இல்லாவிட்டால் சட்டைப் பையில் உடற்சூட்டோடு வைத்துக்கொள்ளலாம். ரெஜிபோம் பெட்டிக்குள் சுடுநீர்ப் போத்தலோடு வைத்து, நாலைந்து மணிக்கு ஒருமுறை நீரை மாற்றினாலும் போதும். பெட்டிக்குள் ஒரு வெப்பமானி கட்டாயம்.

2017இல் ஸ்டான்போர்டில் மனு பிரகாஷ் குழு வெளியிட்ட தாள்ச் சுழலி இன்னொரு திசை. தட்டிய சோடா மூடியில் இரண்டு துளையிட்டு நூல் கோத்துப் பிள்ளைகள் இழுத்து விளையாடுவதே அதன் தத்துவம். 2 கிராம் எடை, 20 அமெரிக்க சதம் செலவு, நிமிடத்துக்கு 1,25,000 சுற்று, ஒன்றரை நிமிடத்தில் இரத்தத்தின் பிளாஸ்மா பிரிந்துவிடும். உயரமோ மின்துண்டிப்போ அதற்கு ஒரு பொருட்டல்ல.

பீலியில் முறையான மாதிரி எடுப்பதானால், கிருமிநீக்கிய போத்தலில் 100 மில்லிலீற்றருக்கு மேல் பிடித்து, கழுத்தில் காற்றிடம் விட்டு மூடவேண்டும். குளோரீன் கலந்த குழாயானால் சோடியம் தயோசல்பேற்று முன்பே இடப்பட்ட போத்தல் வேண்டும். இல்லையேல் குளோரீன் வழியெல்லாம் பக்டீரியாவைக் கொன்றுகொண்டே போகும். ஐஸ் பெட்டியில், ஆனால் ஐஸில் ஒட்டாமல், ஆறு மணி நேரத்துக்குள் சோதனை தொடங்கவேண்டும். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு ரயில் தாமதமானால் அந்த நேரத்தின் பெரும்பகுதி தண்டவாளத்திலேயே போய்விடும். ஆகவே விடியற்காலை வண்டிக்கு மாதிரியை முதல்நாள் மாலையில் எடுத்து வைக்கக்கூடாது. வண்டி ஏறும் முன் எடுக்கவேண்டும்.